கொப்ளின் முகாமும் உம்மாவும்

அந்தப் புத்தகத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் தோழி. அவள் கற்பிட்டிப் பக்கத்து ஆலங்குடாக்காரி, கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். காற்றுக்காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெளிநாட்டுக்காரர் தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. காலம் முடிந்து அறைகளைக் கூட்டியபோது, ஒரு கட்டிலுக்கடியில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றும், ஆறு பக்கம், எட்டுப் பக்கம், இருபது பக்கம் என்று பல மாதிரியான பகடைகள் போட்ட பை ஒன்றும் கிடந்தனவாம். தங்கியிருந்தவருக்கு எழுதிக் கேட்டார்கள். வைத்திருங்கள், யாராவது விளையாடினால் சந்தோஷம் என்று பதில் வந்தது.

"நீ இங்கிலீஷ் ரீச்சர்தானே. இது என்ன விளையாட்டெண்டு பாத்துச் சொல்லு" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் பத்து நாள் வாசித்தேன். கரம், தாயம் மாதிரிப் பலகை வைத்து ஆடும் விளையாட்டு இல்லை அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள்: வாள் வீரன், வைத்தியச்சி, மந்திரவாதி, இப்படி. கதை நடத்துபவர், "ஆற்றுக்கு மேலே ஒரு பாலம். பாலத்தில் ஒருத்தன் வழி மறித்து நிற்கிறான். என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்பார். சண்டை பிடிப்போம் என்றோ, பேசிப் பார்ப்போம் என்றோ, ஆற்றில் நீந்துவோம் என்றோ அவர்கள் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடையில் விழும் இலக்கம் சொல்லும். அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயதில் இப்படி ஒன்றில் எனக்குக் கிறுக்குப் பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

என் கணவர் வாள் வீரனானார். அவர் கனமூலையைச் சேர்ந்தவர். கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் மோட்டார்களைத் திருத்துவது அவர் தொழில். கொள்ளைக்காரர் எதிரே வந்தாலும், வங்கியில் பேசுகிற அதே மரியாதையோடு, "தம்பிமார், கொஞ்சம் விலத்துவீங்களா" என்று கேட்கிற வீரன் அவர். தோழி வைத்தியச்சியானாள். ஆனால் காயத்துக்கு மருந்து போடுவதைவிடப் பூட்டை உடைப்பதில்தான் அவளுக்கு ஆர்வம். கதையை நான் நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசைக்குப் போய், வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவாள். பின்னேரத்து அசர் தொழுகைக்கு முன் ஆட்டம் முடிந்துவிடும்.

எங்களோடு இருப்பது என் உம்மா. முதல் கிழமையே பகடைகளைக் கண்டு முகத்தைச் சுருக்கினார்.

"இது சூதல்லவா? இந்த வீட்டுக்குள்ள இத உருட்டக் கூடா."

"காசு வச்சு விளையாடல்ல உம்மா."

"காசில்லாட்டியும் பகடை பகடைதான். வேணாம்."

சொன்னால் சொன்னதுதான். நாங்கள் பகடையை மூட்டை கட்டி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தோம். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு உம்மாவே தன் தையல் பெட்டியிலிருந்து ஒரே அளவான இருபது சட்டைப் பொத்தான்களை எண்ணி எடுத்து வந்தார். "இதுல நம்பர் எழுதி ஒரு டின்னுக்குள்ள போட்டு எடுங்க. பாக்காம எடுக்கணும்" என்றார். கோயில் திருநாளில் சீட்டு இழுப்பதைப் போல இருக்கிறது என்று தோழிக்கு நல்லாப் பிடித்துவிட்டது. அன்றுமுதல் பால்மா டின்னும் பொத்தானும்தான்.

மூன்றாம் கிழமையோ நாலாம் கிழமையோ, கதையில் கொப்ளின்கள் வந்தார்கள். கொப்ளின் என்பது அந்தப் புத்தகத்தில் ஒரு பூத இனம். இடுப்பளவு உயரம், பச்சைத் தோல், கூர்க்காது. எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் கணவரிடம் புத்தகத்தைக் கொடுத்து, தமிழில் சொல்லிக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் கெட்டிக்காரர் இல்லை. ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்தி, சத்தமாக மொழிபெயர்த்தார்.

"இவங்க சனம் இல்லாத இடத்துல முகாம் போட்டு இருப்பாங்க. முகாம் ஊத்தையா இருக்கும். ஒரு குடிசைக்குள்ள கனபேர் இருப்பாங்க. புள்ளைகள் கூட. பக்கத்து ஊருல களவெடுப்பாங்க. இவங்கள நம்பக் கூடா. பிறவியிலேயே கெட்டவங்க."

நிறுத்தினார். அடுத்த பக்கத்தில், வீரர்கள் அந்த முகாமை எப்படிச் சுற்றிவளைத்துத் தீ வைக்கலாம் என்று படத்தோடு போட்டிருந்தது.

குசினியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. உம்மா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"எந்த முகாம் மகன்?"

கணவரின் முகம் செத்துப்போயிற்று. "இது கதை மாமி. புத்தகத்துல இரிக்கி."

"ஆ. எத்தின குடும்பம்?"

"அது போடல்ல."

உம்மா தலையை ஆட்டிவிட்டு, காயப்போட்ட உடுப்பை எடுக்கப் பின்பக்கம் போய்விட்டார். கோபம் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் எங்கள் மூவருக்கும் அதற்குமேல் அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளியாருக்கு இதை விளக்க வேண்டும். தொண்ணூறில் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது நாங்கள் மன்னாரில் இருந்தோம், எனக்கு நாலு வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். பிறகு பதின்மூன்று வருஷம் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் கிடுகுக் குடிசையில் இருந்தோம். அதுதான் முகாம். இந்த ஊர்ச் சனம் முதல் நாட்களில் பள்ளிவாசல்களைத் திறந்து, சோறு சமைத்துத் தந்து எங்களைக் காப்பாற்றியது. என் மாமியாரும் அப்படிச் சமைத்தவர்களில் ஒருவர். ஆனால் விருந்தாளி வருஷக்கணக்கில் போகாமல் இருந்தால் எந்த வீட்டிலும் முணுமுணுப்பு வரும். கிணறு வற்றுகிறது, விறகு காணாமல் போகிறது, வேலியில் ஓட்டை, எல்லாம் முகாம் ஆக்கள். நானும் கணவரும் கல்யாணம் முடித்தபோது அவர் பக்கத்தில் ஒரு பெரியவர், "முகாம்லயா பொண்ணெடுக்குற?" என்று கேட்டதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

இவ்வளவும் எங்கள் வீட்டில் பேசப்படாத பழைய விஷயங்கள். ஒரு விளையாட்டுப் புத்தகத்தை என் கணவர் தடுமாறித் தடுமாறி மொழிபெயர்த்தபோது அவை வந்து மேசையில் உட்கார்ந்துகொண்டன.

தோழிதான் முதலில் வாய் திறந்தாள். "இது பைபிளும் இல்ல, குர்ஆனும் இல்ல. பிடிக்காட்டி மாத்துவம்."

"எப்படி மாத்துற?"

"நாங்களே எழுதுவம். ஆளுக்கொரு இனம். ஒரு கொப்பி வாங்கு."

அப்படித்தான் தொடங்கியது. அடுத்த ஞாயிறுகளில் நாங்கள் விளையாடவே இல்லை. மேசையைச் சுற்றி இருந்து எழுதினோம். தோழி ஓர்க் இனத்தை எடுத்துக்கொண்டாள். புத்தகத்தில் அவர்கள் கோரைப்பல் வைத்த முரட்டுக் கொள்ளைக்காரர். திடீரென்று கூட்டமாக வந்து இறங்குவார்கள். அவள் அந்த "திடீரென்று" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா சிலாபத்திலிருந்து மீன் காலத்துக்கு மட்டும் கற்பிட்டிப் பக்கம் வந்து, கரையில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் அடித்துத் தொழில் செய்து, காலம் முடியப் போகிறவராக இருந்தாராம். கடைசியில் அம்மாவைக் கண்டு ஆலங்குடாவிலேயே தங்கிவிட்டார்.

"வருஷத்துக்கு ஒருக்கா ஐம்பது வள்ளம் ஒண்டா வந்து இறங்கினா, கரையில இருக்கிறவனுக்கு அது படையெடுப்புத்தான்" என்றாள். "ஆனா வள்ளத்துல இருக்கிறவனுக்கு அது வேலைக்குப் போறது."

அவளுடைய ஓர்க்குகள் காற்றைப் பின்தொடர்ந்து போகும் சனம். பல் பெரிதாக இருப்பதால் அவர்கள் சிரித்தாலும் கரையில் இருப்பவர்கள் ஓடுவார்கள். அதனால் தெரியாதவர் முன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகியிருக்கிறார்கள். இதை அவள் வாசித்தபோது கணவர் உடனே, "வள்ளத்துக் கேப்டன்மார் பொத்த மாட்டாங்க" என்று ஒரு வரி சேர்த்தார். அது கொப்பியில் இன்னும் இருக்கிறது.

அவர் எடுத்தது ட்ரோல் இனம். வெட்டினாலும் காயம் தானாக மூடிக்கொள்ளும் பெரிய பூதங்கள். ஒரு பக்கம்தான் எழுதினார், மூன்று கிழமை எடுத்தது. அவர் எழுதியதன் சாரம் இது: ட்ரோல்களுக்கு நோய் வருத்தம் வராது, காயம் ஆறிவிடும், அதனால் ஆறுதல் சொல்லத் தெரியாது. மனிதர்களின் மையத்து வீடுகளுக்கு, சாவு விழுந்த வீடுகளுக்கு, வந்து வேலிக்கு வெளியே நிற்பார்கள். சாப்பிட வந்திருக்கிறார்கள் என்று ஊர் பயப்படும். உண்மையில் எப்படி அழுவது என்று பார்த்துப் போக வந்தவர்கள் அவர்கள். பத்து வருஷம் ஒன்றாக வாழ்ந்தும் அவருக்குள் இப்படி ஒன்று இருந்ததை நான் அறியவில்லை. அன்று அவருக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது சீனி இரண்டு கரண்டி கூடப் போட்டேன். அவர் அடிவரை குடித்தார்.

கொப்ளின்களை நான் எடுத்தேன். வேறு யார் எடுப்பது? நாலு கிழமை எழுதினேன். போரால் துரத்தப்பட்ட சனம், பொறுமையானவர்கள், இருப்பதைப் பகிர்ந்து உண்பவர்கள், யார் ஏசினாலும் தலையைக் குனிந்து போகிறவர்கள், தாம் விட்டுவந்த வீடுகளின் பூட்டுத் திறப்புகளைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருப்பவர்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. வாசித்து முடித்ததும் தோழியும் மூக்கை உறிஞ்சினாள்.

மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த உம்மா கத்தியை வைத்தார்.

"இதுல ஒருத்தருமா கள்ளனில்ல?"

"என்ன உம்மா?"

"இவ்வளவு பேர் இருக்கிற முகாம்ல ஒரு கள்ளனும் இல்லையா எண்டு கேக்குறன். எங்கட முகாம்ல எத்தின கள்ளன் இருந்தான். என்ட மண்சட்டியக் களவெடுத்தவள் மூணு குடிசை தள்ளித்தான் இருந்தாள். நான் கேட்டா, உங்கட சட்டியில உங்கட பேர் எழுதியிரிக்கா எண்டாள். அவளப் போடு."

"அது கூடாத பேர் ஆயிடும் உம்மா. புத்தகத்திலயும் அப்படித்தானே இருக்கு, களவெடுப்பாங்க எண்டு."

"புத்தகத்துல எல்லாரும் கள்ளன். நீ எழுதினதுல எல்லாரும் அவுலியா. ரெண்டும் பொய்தானே." உம்மா கத்தியை மறுபடி எடுத்தார். "தண்ணி எடுக்கப் போற இடத்துல சண்டை பிடிக்காத பொம்பிளையள் எங்க இருக்காங்க? நான் வாளியால அடிச்சிரிக்கன். கக்கூஸ் எங்க, அது எழுதினியா? புள்ள பெறக்குள்ள ஆர் பாக்குற? பெருநாளைக்கு என்ன ஆக்குற?"

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். நாலு கிழமை வேலை. உம்மாவுக்காகத்தான் எழுதினேன் என்றுகூட மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அன்று மாலை தனியே இருந்து மறுபடி வாசித்தபோது, நான் எழுதியதில் ஒரு கொப்ளினுக்கும் பசி எடுக்கவில்லை, ஒருத்திக்கும் வாய் இல்லை என்பது தெரிந்தது. புகைப்படத்துக்கு நிறுத்திவைத்த அகதிகள் மாதிரி இருந்தார்கள். நன்கொடை கேட்டு வரும் தாள்களில் எங்களைப் பற்றி அப்படித்தான் எழுதுவார்கள். அதை வாசித்து உம்மா சிரிப்பதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். எழுதியதில் பாதியைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு கதிரையை இழுத்துப் போட்டு உம்மாவும் மேசையில் இருந்தார். சட்டி களவெடுத்தவளாகத் தானே விளையாடுவதாகச் சொன்னார்.

"நீங்க களவு குடுத்த ஆள்தானே மாமி" என்று கணவர் சிரித்தார்.

"அதுதான். அவள் எப்படி எடுத்தாள் எண்டு முப்பத்தஞ்சு வருஷமா யோசிக்கிறன்."

அந்த ஆட்டத்தை நான் மறக்கமாட்டேன். கொப்ளின் முகாமுக்கும் மனிதர்களின் ஊருக்கும் நடுவே ஒரு கிணறு வைத்தேன். கோடை. ஊர்த்தலைவர் வாள் வீரனைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார். உம்மாவின் கொப்ளின்காரி வாளியோடு வருகிறாள்.

"தண்ணி அள்ள ஏலாது" என்றார் கணவர், வீரனின் குரலில். "ஊர்க் கட்டளை."

"கட்டளைய நீங்க குடிங்க. எனக்குத் தண்ணி போதும்" என்றார் உம்மா.

தோழி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். கணவர் விடவில்லை. "நீங்க வந்த நாள்லயிருந்து கிணறு வத்துது."

"கிணறு வத்துறது மழை இல்லாம. நீங்க வானத்துக்கு ஒரு காவல்காரன அனுப்புங்க."

பிறகு உம்மா, வீரன் வியர்வை துடைக்கத் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்திருக்கிறானா என்று என்னைக் கேட்டார். வெயிலுக்குக் கழற்றியிருப்பான் என்றேன். அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதாக அறிவித்துவிட்டு, டின்னுக்குள் கையை விட்டு ஒரு பொத்தானை எடுத்தார். பத்தொன்பது. பலித்துவிட்டது. இரும்பு ஆனபடியால் சோறு ஆக்க அது நல்ல சட்டி என்றார்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு கணவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாமி, இது விளையாட்டில்ல. ஒண்டு சொல்லணும்." அவர் குரல் வீரனுடையதாக இருக்கவில்லை. "எனக்கு ஏழு எட்டு வயசிருக்கும். உங்கட முகாம் வேலிக்குப் பின்னால நாங்க ஒளிச்சு நிண்டு குரும்பெட்டி எறிவம். புள்ளைகளுக்குப் படும். அழுறது கேக்கும். நாங்க சிரிச்சிட்டு ஓடுவம். ஆருக்கும் சொன்னதில்ல."

தென்னையிலிருந்து பிஞ்சிலேயே உதிரும் காய்தான் குரும்பெட்டி. கையில் பிடித்து எறிய நல்ல வாகான சாமான். என் பிடரியில் ஒருமுறை பட்டது எனக்கு நினைவிருக்கிறது. எறிந்தது அவராகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். நான் அவரைப் பார்க்கவில்லை. உம்மாவைப் பார்த்தேன்.

உம்மா பொத்தானைத் திரும்ப டின்னுக்குள் போட்டார்.

"அதக் காயவச்சுத்தான் மகன் நாங்க அடுப்பெரிச்சோம்" என்றார். "நல்லா எரியும். விறகுக்கு வெளியில போனா ஏசுவாங்க. நீங்க எறியாத நாள்ல எங்களுக்குக் கரைச்சல்."

கணவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். உம்மா எழும்பிப் போய்ப் பாணும் பருப்பும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, "சாப்பிடுங்க, பிறகு என்ட கொப்ளின்ட பின்னால ஓடணும்" என்றார். அவர் சாப்பிட்டார். தோழி, பூட்டுடைக்கும் வைத்தியச்சியாகத் தான் எந்தப் பக்கம் சேருவது என்று கேட்டாள். ஆட்டம் தொடர்ந்தது.

அன்று வீடு அமைதியான பிறகு அவர் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். "உனக்கும் பட்டிச்சா?" ஓம் என்றேன். எந்த இடத்தில் என்று கேட்டார். காட்டினேன். அவர் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

இப்போது கொப்பி மூன்றாகிவிட்டது. தோழிக்குச் சிலாபத்தில் கல்யாணம் ஆகி, மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வர முடிகிறது. அவளுடைய மாப்பிள்ளை சிங்களம் கலந்து பேசுகிற ஆள். எங்கள் ஓர்க்குகளுக்கு அவர் சிங்களத்தில் ஏச்சுக்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவற்றைக் கொப்பியில் எழுத உம்மா விடவில்லை. உம்மா புது இனம் ஒன்றுக்கும் சட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்: களப்பில் கண்டல் மரங்களுக்கு நடுவே இருக்கும் பல்லி மனிதர். அவர்களுக்குள் கல்யாணம் பேசுவது யார் என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவு இல்லை.

சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, சில வருஷங்களுக்கு முன் மன்னாருக்கே திரும்பிப் போய்க் குடியேறியவர். ஞாயிறு பகலில் உம்மா ஏன் போனை எடுப்பதில்லை என்று விசாரிக்கப்போய், விஷயம் தெரிந்து, இப்போது போனிலேயே சேர்ந்துகொள்கிறார். வாட்ஸப்பில் முகத்தைக் காட்டிக்கொண்டு, சீனிப் போத்தலில் சாய்த்துவைத்த போனிலிருந்து பல்லிப் பெண்ணாகப் பேசுகிறார். கதை நடத்தும் என்னிடம் கடுமை, தமக்கையிடம் எதிர்ப்பேச்சு, வீரனிடம் மட்டும் நல்ல மரியாதை. போன ஞாயிறு கதையில் அவர் ஆற்றைக் கடக்கும்போது மன்னாரில் மழை பிடித்து இணைப்பு அறுந்துபோனது. பத்து நிமிஷம் பார்த்தோம், வரவில்லை.

"அவள ஆத்துக்குள்ள விட்டுட்டுப் போகாத" என்றார் உம்மா. "கரைக்கு ஏத்திட்டு நிப்பாட்டு."

நான் அவரைக் கரைக்கு ஏற்றி, தலை துவட்ட ஒரு துவாயும் கொடுத்துவிட்டு, கொப்பியை மூடினேன்.